தீபாவளியும் சித்தியின் வயிறும்

செரிமான மண்டலம் பாடம் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். படம் வரைந்து பாகங்களும் குறித்திருக்கிறோம். ஆனால் அந்தக் குடலுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று பாடத்தில் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன். யாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு சிரிக்கக் கூடாது.

என் சித்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்காங்க. தீபாவளிக்கு எல்லோரும் அம்மாச்சி வீட்டில் கூடுவோம். சித்தி மட்டும் ஏதாவது சாக்கு சொல்லிடுவாங்க. வந்தாலும் பலகாரத் தட்டைத் தொட மாட்டாங்க. "சம்பாதிக்கிறா இல்ல, பவுசு கூடிப்போச்சு" என்று சொந்தக்காரங்க பேசுவாங்க. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியன்று, அம்மாச்சி வற்புறுத்தியதால் இட்லி, கறிக்குழம்பு, சோமாசு, பால்கோவா எல்லாம் சாப்பிட்டாங்க. மத்தியானத்துக்குள் ஏழு தடவை கக்கூஸ் போய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ரூமில் அழுததை நான் பார்த்தேன். "பஸ் ஏறணும்னா முந்தின நாளே பட்டினி கிடப்பேன் பாப்பா. நடுவழியில வந்துட்டா யாருகிட்ட நிறுத்தச் சொல்றது?" என்றாங்க. பள்ளிக்கூடத்திலும் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்வாங்களாம். எட்டாவதோடு நின்றதுக்கு அதுவும் ஒரு காரணமாம். எனக்கு அது அதுவரை தெரியாது.

பிறகு அம்மா கூட்டிக்கொண்டு போனதில் டாக்டரம்மா இது ஐ.பி.எஸ். என்றாங்க. "சித்தி போலீஸ் ஆகப்போறாங்களா?" என்று தம்பி கேட்டான்! இது வேற ஐ.பி.எஸ். தமிழில் குடல் எரிச்சல் நோய்க்குறி என்று சொல்கிறார்கள். குடலில் புண் கிடையாது. ரத்தம், ஸ்கேன் எல்லாம் நார்மல் என்றே வரும். அதனால்தான் பலர் இதை நடிப்பு என்கிறார்கள். குடலின் உருவத்தில் பழுது இல்லை, வேலை செய்யும் விதத்தில்தான். குடல் சுவரில் பல கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை மூளையோடு எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும். இந்த நோயில் சின்ன வாயு சேர்ந்தாலும் பெரிய வலியாகத் தெரியும். குடல் வேகமாகத் தள்ளினால் பேதி, மெதுவாகத் தள்ளினால் மலச்சிக்கல். பரீட்சை அன்று காலையில் நமக்கும் வயிறு கலக்குதே, அதே வயர்தான்.

பண்டிகையில் இது ஏன் கூடுகிறது? எண்ணெய்ப் பலகாரம், ஒரே நேரத்தில் நிறைய சாப்பாடு, தூக்கம் கெடுவது, பயணம், பயம் எல்லாம் சேருது. கோதுமை, மைதா, கடலை மாவு, பால், வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் உள்ள சில சர்க்கரை வகைகளைச் சிறுகுடலால் சரியாக உறிஞ்ச முடிவதில்லை. அவை பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து வாயு உண்டாக்கும். ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஓர் உணவு முறை வகுத்திருக்கிறார்கள். சில வாரம் இவற்றைக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எது ஒத்துக்கலை என்று கண்டுபிடிப்பது. டாக்டர் சொல்லித்தான் செய்யணும், நாமே பட்டினி கிடக்கக் கூடாது.

"வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டுட்டு குழம்பை ஊத்திக்கோயேன்" என்று அம்மாச்சி சொல்வாங்க. அது பலிக்காது. வெங்காயத்தில் உள்ள அந்தச் சத்து தண்ணீரில் கரைந்து குழம்பிலேயே இறங்கிவிடும். ஆனால் எண்ணெயில் கரையாது! அதனால் இப்போ அம்மா பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் சித்திக்குத் தனியா தாளிக்கிறாங்க. வாசனை அப்படியே இருக்கு. (தம்பி அதையும் சேர்த்துத் தின்றுவிடுகிறான்.)

ஒரு விஷயம் கவனிக்கணும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைதல், ரத்தசோகை, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் இதுதான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஐ.பி.எஸ். புற்றுநோயாக மாறாது என்று டாக்டரம்மா சொன்னதும்தான் சித்தி முகத்தில் தெளிச்சி வந்ததாம். பல வருஷமாக அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

போன தீபாவளிக்கு சித்தி ரயிலில் வந்தாங்க, அதில் கக்கூஸ் இருக்கே. பட்டினி இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து தடவையாகச் சாப்பிட்டாங்க. எண்ணெய் நன்றாகப் பிழிந்த அதிரசம் ஒன்றே ஒன்று எடுத்துக்கிட்டாங்க. அது அரிசி மாவும் வெல்லமும்தானே. அம்மாச்சி மூணாவது தடவை தட்டை நீட்டினப்போ அம்மா, "அவளுக்குப் போதும்மா, விடு" என்றாங்க. அம்மாச்சியும் தட்டைக் கீழே வைத்துவிட்டாங்க. சாயங்காலம் சித்தி எங்களோடு தெருவில் நின்று சங்குசக்கரம் விட்டாங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி