கை தூக்க வரவில்லை: எவ்வளவு காலம் பொறுத்திருக்கலாம்?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. இரண்டு மாதம் முன்பு அடையாறு சர்தார் படேல் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தான். ஹெல்மெட்டால் தலை தப்பியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் வலது கையைத் தூக்கவோ முழங்கையை மடக்கவோ முடியவில்லை. விரல்கள் மட்டும் நன்றாக அசைகின்றன. "நரம்புதான், தானாகச் சரியாகும், பிசியோதெரபி செய்யுங்கள்" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் புத்தூர் கட்டு போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது டாக்டர்?
— வாசகி, மந்தைவெளி

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அடி பட்டிருப்பது கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலில். பிரேக்கியல் பிளெக்சஸ் என்போம். பைக்கிலிருந்து விழும்போது தோள் தரையில் மோதுகிறது, தலை எதிர்ப்பக்கம் சாய்கிறது. நடுவிலுள்ள நரம்புகள் இழுபடுகின்றன. இந்தப் பின்னலுக்கு ஐந்து வேர்கள். தோளும் முழங்கையும் வேலை செய்யாமல் விரல்கள் அசைவதால், மேல் வேர்கள்தான் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். விரல் பிடிப்பு தப்பியது பெரிய ஆறுதல். அது போனால் மீட்பது மிகக் கடினம்.

தானாகச் சரியாகும் என்பது பாதி உண்மை. வெறுமனே இழுபட்ட நரம்பு பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் அசைவு காட்டத் தொடங்கிவிடும். அறுந்த நரம்போ, தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்ட நரம்போ காத்திருந்தாலும் சேராது. நரம்பு வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். நரம்புத் தொடர்பு அற்ற தசை ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குமேல் தாங்காது. அதனால்தான் அறுவைச் சிகிச்சையை 3 முதல் 6 மாதத்துக்குள் செய்துவிடப் பார்க்கிறோம். வருடம் தாண்டியபின் இளம் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

அதனால் மூன்றாம் மாதம் முடியும்வரை காத்திராமல், இந்த வாரமே கை நுண் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிறது. ஈஎம்ஜி பரிசோதனையும் கழுத்து எம்ஆர்ஐயும் தேவைப்படும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

விரல்கள் அசைவதால் ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நர் நரம்பிலிருந்து ஓர் இழையை மட்டும் பிரித்து, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையின் நரம்போடு இணைப்பது. பிரெஞ்சு அறுவை நிபுணர் ஒபெர்லின் 1994இல் வெளியிட்ட முறை. இழை கொடுத்த கையின் பிடிப்பு பெரும்பாலும் குறைவதில்லை. பலன் தெரியப் பல மாதம் ஆகும், பிசியோதெரபியும் கூடவே நடக்க வேண்டும்.

புத்தூர் கட்டு வேண்டாம். அது எலும்புக்குப் போடுவது, இங்கே எலும்பு உடையவே இல்லை. இறுக்கிக் கட்டினால் மூட்டுகள் விறைத்துப்போகும். எண்ணெய் போட்டு உருவி இழுப்பதும் கூடாது. நடமாடும்போது கையைத் தூளியில் தாங்கிப் பிடிக்கட்டும், இல்லையேல் கையின் பாரத்தில் தோள்மூட்டு இறங்கிவிடும். பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்தபடி தினமும் நீங்களே அவன் தோளையும் முழங்கையையும் மெதுவாக மடக்கி நீட்டிவிடுங்கள். மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொப்புளம் எழுந்த பிறகுதான் சுட்டதே அவனுக்குத் தெரியவரும்.