மீண்டும் வந்த நோயும் மகளிர் உள்ளமும்

நோய் உடலுக்கு உரியது, துயர் உள்ளத்துக்கு உரியது எனப் பிரித்துக் கூறுதல் எளிது. ஆயின், நீங்கியது என்று எண்ணி மகிழ்ந்திருந்த புற்றுநோய் மீண்டும் தலைகாட்டுமாயின், அப்பிரிவு நிலைப்பதில்லை. அந்நிலையில் மகளிர் உள்ளம் எவ்வாறு வருந்துகின்றது, எவ்வாறு தன்னைத் தாங்கிக்கொள்கின்றது என்பதை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

சென்ற கோடை விடுமுறையில் புதுவையைச் சார்ந்த கோரிமேட்டில் நாம் சில நாள் தங்க நேர்ந்தது. தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய இவ்வூரிலேதான் ஜிப்மர் மருத்துவமனை உளது. பிரெஞ்சுக்காரர் 1823இல் புதுவையில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த இந்நிலையம், 1964இல் ஜவகர்லால் நேருவின் பெயர் பெற்றது. இதன்கண் உள்ள புற்றுநோய்ப் பிரிவிற்கு விழுப்புரம், கடலூர் முதலிய பக்கங்களிலிருந்து எளிய குடும்பத்துப் பெண்கள் பலர் வருகின்றனர். அவர்களுள் நம் அத்தையாரும் ஒருவர். ஐந்தாண்டுகட்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்று நலமாயிருந்தார். இப்பொழுது அந்நோய் முதுகெலும்பில் தோன்றியிருந்தது. அதனை அறிந்து அவர் கண்ணீர் விட்டபோது நாம், “அழாதீர்கள் அத்தை, தைரியமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்றோம். அவரோ, “தம்பி, அழாதே என்று சொல்லாதே. நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திரு, அது போதும்” என்றார். நாம் கூறிய ஆறுதலில் பிழை யாது என்று எண்ணத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூவகை மருத்துவத்திற்கும் தப்பிய சில உயிரணுக்கள், எக்கருவிக்கும் புலப்படாமல் உடலினுள் அடங்கிக் கிடத்தல் கூடும். கருப்பைவாய்ப் புற்றுநோய் மீளுமாயின் பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டுகளுக்குள் மீளும். மார்பகப் புற்றுநோயின் சில வகைகள் 10 ஆண்டு கழிந்த பின்னும் மீள்வதுண்டு. தோன்றிய இடத்திலேயே மீண்டதாயின் அதனை மறுபடியும் முற்றும் நீக்க முயலுதல் கூடும். எலும்பு, நுரையீரல், ஈரல் முதலியவற்றிற் பரவியதாயின் முற்றும் நீக்குதல் அரிது; எனினும் சிலரிடத்தே அதனைப் பல ஆண்டு அடக்கி வைக்கும் மருந்துகள் இன்று உள. ஆகவே, மீளுதல் நோயின் இயல்பேயன்றி நோயுற்றார் செய்த குற்றம் அன்று.

இனி, உள்ளத்தின் நிலையை நோக்குவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையை வைத்து, அது பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுத்தார். வகுப்பில் இதனைப் படித்த நாளில் தேர்வுக்குரிய ஒரு பட்டியலாகவே கொண்டோம். கோரிமேட்டில் அந்நான்கும் ஒருவரிடத்தே ஒருங்கே நிற்கக் கண்டோம்.

இளிவாவது பிறர் இகழ்ச்சியால் எளிமையுறுதல். “மருந்தை ஒழுங்காக உட்கொண்டாயா? கண்டதை உண்டாயா? விசுவாசம் குறைந்ததோ?” என்று உறவினர் வினவும் வினாக்கள் அன்பினால் எழுந்தனவேயாயினும், குற்றத்தை நோயுற்றாள் மேலேயே சுமத்துகின்றன. யோபுவின் நண்பர் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறவாதிருந்தனர். அந்த அளவும் அவர்கள் நல்ல நண்பரே. துன்பத்திற்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதே அவர்கள் பிழைபட்டனர். இழவாவது இழத்தல். முன்னர் இழந்தவை உறுப்பும் கூந்தலும். இம்முறை இழந்தது, ‘நோய் தீர்ந்தது’ என்னும் நம்பிக்கை. அசைவாவது பண்டைய நிலை கெடுதல். வீட்டார் அனைவர்க்கும் உணவிட்டவர், தண்ணீர்க் குவளைக்கும் பிறர் கையை நோக்கியிருத்தல் எளிதன்று. வறுமையோ விளக்க வேண்டாதது. மருத்துவத்திற்குப் பொருள் வேண்டாவிடினும், பேருந்துக் கட்டணமும், உடன் வருவார் இழக்கும் நாட்கூலியும் வீட்டையே தாக்குகின்றன. ‘என்னால் இவர்களுக்குச் செலவு’ என்னும் எண்ணம் நோவினும் கொடிது என அங்கிருந்த மூதாட்டி ஒருவர் கூறினார்.

இலண்டனில் 1967இல் தூய கிறிஸ்தோபர் நல்வாழ்வு இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறுதி நோயுற்றாரின் வலி உடலையும் உள்ளத்தையும் குடும்ப வாழ்வையும் ஆன்மாவையும் ஒருங்கே பற்றியது என்றார். உடல்வலிக்கு மட்டும் மருந்திடுதல் போதாது என்பதே அவர் கருத்து.

இனி, நாம் அத்தையாரிடம் கூறிய ‘தைரியம்’ என்னும் சொல்லை ஆராய்வோம். நோயை எதிர்த்துப் போராடும் மனவுறுதி ஆயுளை நீட்டும் என்பது பலர் கொள்கை. இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோயுற்ற 578 மகளிரிடம் செய்து 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அத்தகைய உறுதியால் ஆயுள் நீண்டதெனக் காணவில்லை. நம்பிக்கை அற்று முற்றும் சோர்ந்தாரிடத்தே மட்டும் கேடு சற்று மிகுந்திருத்தலைக் கண்டது. நோய் பரவிய மகளிர் வாரந்தோறும் கூடித் தம் அச்சத்தையும் துயரையும் மனம்விட்டுப் பேசினால் நெடுநாள் வாழ்வர் என அமெரிக்காவில் 86 பேரிடம் செய்த ஆராய்ச்சி 1989இல் கூறிற்று. கனடாவில் 235 பேரிடம் அதனையே செய்து பார்த்து 2001இல் வெளியிட்ட முடிவு வேறாயிற்று: ஆயுள் நீளவில்லை; ஆனால் மனத்துயரும் வலியும் தணிந்தன.

இவற்றால் நாம் அறிவன இரண்டு. அழுதமையால் எவரும் தம் நாளைக் குறைத்துக்கொள்வதில்லை. எனவே அழுகையைத் தடுத்தல் நன்மையன்று. மனம்விட்டுப் பேசும் துணை ஆயுளைத் தாராவிடினும், இருக்கும் நாளைத் தாங்கத்தக்கதாக்கும். உறக்கமும் உணவும் வெறுத்துப் பல நாள் சோர்ந்து கிடப்பாராயின், அதனை மருத்துவரிடம் மறையாது கூறல் வேண்டும். அதுவும் மருத்துவத்திற்குரிய நோயே.

அங்ஙனமாயின் தைரியம் என்பது வீண் சொல்லோ எனின், அன்று. தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு இடம் கூறினார். தறுகண், அஃதாவது அஞ்சாமை, நான்கனுள் ஒன்றே. ஏனைய மூன்றும் மகளிர்க்குக் கைகொடுத்தலை நாம் கண்டோம். தம் நோய் எங்குளது, மருந்து எதன்பொருட்டு என்பவற்றை மருத்துவரிடம் கேட்டறிதல் கல்வி; அறியாத அச்சத்தினும் அறிந்த அச்சம் சிறிது. வீட்டுக் காரியங்களில் முன்போலவே தம்மைக் கலந்து முடிவு செய்யும்போது, தமக்குள்ள மதிப்புக் குறையவில்லை என உணர்தல் இசைமை. கொடையோ வியப்பிற்குரியது. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை பெற்றார். 1984இல் அது ஈரலில் பரவியமை அறிந்தார். அந்நாட்களில் எழுதிய குறிப்புகளை 1988இல் நூலாக்கித் தந்துவிட்டு, 1992இல் மறைந்தார். எழுத்தறியாத பெண்களும் இக்கொடையைச் செய்கின்றனர். முதன்முறை மருந்தேற்ற வந்து நடுங்கிய இளம்பெண் ஒருத்தியின் கையைப் பற்றிக்கொண்டு நம் அத்தையார், “எனக்கும் இப்படித்தான் இருந்தது, அம்மா, முடி மறுபடியும் வரும்” என்றார். சற்று முன்வரை அழுது சிவந்திருந்தன அவர் கண்கள். அழுகையும் பெருமிதமும் ஓருள்ளத்தில் உடனிருத்தல் கூடும் என்பதை அன்று கண்டோம்.

நம் கல்லூரி மாணவருள்ளும் இத்தகைய துயர் நேர்ந்த இல்லத்திலிருந்து வருவார் உளர். அவர்கட்கு நாம் கூறுவது இதுவே: ஆறுதல் மொழி தேடி அலைய வேண்டா. காரணம் கற்பியாதிருங்கள், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள், அழும்போது அழவிட்டு அருகே இருங்கள். விடுமுறை முடிந்து நாம் புறப்பட்ட காலை, அத்தையார் மீண்டும் கண் கலங்கினார். இம்முறை நாம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.