ஆஸ்பத்திரி பில்லில் நம் பங்கு எவ்வளவு?



வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று ஆபரேஷன் என்றால், நாம் முதலில் தேடுவது இன்சூரன்ஸ் அட்டையைத்தான். "அட்டை இருக்கிறது, கவலை இல்லை" என்று நம்பிச் சேர்த்துவிடுகிறோம். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில் கவுன்டரில் நிற்கும்போதுதான், பாதிப் பணத்தை நாமே கட்ட வேண்டும் என்பது தெரிய வருகிறது. கையில் பணம் இல்லை. நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். வாழ்நாள் முழுவதும் வட்டியை விட்டு விலகி இருந்தவர்கூட அந்த நேரத்தில் தடுமாறிவிடுகிறார்.

காப்பீடு கூடுமா, கூடாதா என்பது தனித் தலைப்பு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் வேலை செய்யும் நிறுவனம் கொடுத்ததாகவோ, அரசுத் திட்டமாகவோ நம்மில் பலரிடம் அட்டை இருக்கிறது. அதில் கம்பெனியின் பங்கு எது, நம் பங்கு எது என்பதையே இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

ஒரு கணக்கைப் பாருங்கள்

ஒருவரிடம் 3 லட்ச ரூபாய் பாலிசி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு நிபந்தனைகள். அறை வாடகை ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான். ஏற்கப்படும் தொகையில் 20 சதவீதத்தை நோயாளியே கட்ட வேண்டும். இதைத்தான் கோ-பே என்கிறார்கள்.

அவர் 6,000 ரூபாய் அறையில் 5 நாட்கள் தங்கினார். மொத்த பில் 2 லட்சம். அது எப்படிப் பிரிகிறது?

அறை வாடகை 30,000. இதில் கம்பெனி ஏற்பது 15,000.

டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து நிபுணர் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,00,000. இதிலும் பாதிதான், 50,000 ஏற்கப்படும்.

மருந்து, பரிசோதனைகள், உடலுக்குள் வைக்கும் உபகரணம் 60,000. இது முழுமையாக ஏற்கப்படும்.

ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், கையுறை போன்ற சில்லறைச் செலவுகள் 10,000. இந்தப் பாலிசியில் இதற்கு எதுவும் கிடையாது.

ஆக, ஏற்கப்பட்டது 1,25,000. அதில் 20 சதவீதம் கோ-பே 25,000 போனால், கம்பெனி கட்டுவது 1 லட்சம். மீதி 1 லட்சம் நோயாளியின் தலையில்!

சிந்தித்துப் பாருங்கள். அந்த ஒரு லட்சத்தில் 65,000 ரூபாய் வந்தது நோயால் அல்ல, அறையால். அனுமதித்த வாடகையைப் போல இரண்டு மடங்கு அறையை எடுத்ததால், டாக்டர் கட்டணமும் அதே விகிதத்தில் வெட்டப்பட்டது. "வாடகை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும்" என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

இந்த வெட்டுக்கும் எல்லை உண்டு. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதிப்படி மருந்து, பரிசோதனை, உடலுக்குள் வைக்கும் உபகரணங்கள், ஐசியூ கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது. அறைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளிலும் கூடாது. வெட்டியிருந்தால் கேளுங்கள், அது உங்கள் ஹக்கு.

உண்மையைச் சொல்லுங்கள்

அடுத்து, மிக முக்கியமான விஷயம். பாலிசி எடுக்கும்போது "சர்க்கரை நோய் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். "இல்லை என்று போட்டுவிடுங்கள்" என்று சில ஏஜென்டுகள் சொல்லித் தருகிறார்கள். இது பொய். கையெழுத்து நம்முடையது, பொறுப்பும் நம்முடையதே. உலகக் கணக்கிலும் இது நஷ்டம்தான். பழைய மருந்துச் சீட்டு ஒன்று வெளியே வந்தால் கிளைம் முழுவதும் நிராகரிக்கப்படலாம்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பிரீமியம் கூடலாம், காத்திருப்புக் காலம் வரலாம். 2024 முதல் அந்தக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதங்கள்தான், முன்பு 48. தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலே தவிர, தகவல் சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. அதே போல ஒருவர் அட்டையில் இன்னொருவர் சிகிச்சை பெறுவதும், பொய் பில் வைப்பதும் பிறர் பொருளை அபகரிப்பதே. கம்பெனி பெரியது என்பதால் அது ஆகுமானதாகிவிடாது.

நம் உரிமையைக் கேட்பது

கேஷ்லெஸ் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம் என்று 2024-ல் ஆணையம் வரையறுத்திருக்கிறது. மூன்று மணி நேரம் தாண்டி ஆஸ்பத்திரி கூடுதலாக வாங்கினால், அதைக் கம்பெனியே ஏற்க வேண்டும். கிளைம் அநியாயமாக மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. தகுதி இருந்தும் பதிவு செய்யாத குடும்பம் நம் மஹல்லாவில் இருக்கலாம். அவர்களை அழைத்துப் போய்ப் பதிவு செய்து கொடுப்பதும் ஒரு உதவிதான்.

இந்த வாரம் ஒரு வேலை

அன்பானவர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் பாலிசிப் பத்திரத்தை எடுங்கள். அறை வாடகை வரம்பு எவ்வளவு? கோ-பே உண்டா, பெற்றோருக்கு மட்டும் தனியாக உண்டா? எந்த நோய்க்குக் காத்திருப்பு? எந்தச் செலவுக்குப் பணம் இல்லை? இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, அட்டையோடு சேர்த்து வையுங்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். ஏனெனில், படுக்கையில் இருப்பது நாமாக இருந்தால் அறையைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான்.

நோயின் நேரம் நம் கையில் இல்லை. நம் பங்கு எவ்வளவு என்று அறிந்து, அதற்காக மாதம் சிறிது எடுத்து வைப்பது நம் கையில் இருக்கிறது. கடனின் சுமையிலிருந்தும் வட்டியிலிருந்தும் அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக! ஆமீன்.