டிவிடியை மாற்றினால் சத்தம் காணோமா?

கேமரன் மலைத் தோட்ட வீடுகளில் உள்ள கல்யாண, திருவிழா டிவிடிகளைக் கைப்பேசிக்கு மாற்றும்போது சிலசமயம் படம் ஓடும், சத்தம் வராது.

1. மூல வட்டை முதலில் கணினியில் விஎல்சி இயக்கியில் ஓட்டவும். அங்கும் சத்தம் விட்டுவிட்டு வந்தால் கோளாறு வட்டில். மலையிலுள்ள ரிங்லெட், தானா ராத்தா ஊர்களின் ஈரக்காற்றில் வட்டில் பூஞ்சை படியலாம். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைக்கவும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தரவுத்தடத்தோடு ஓடும்.

2. வட்டு சரியாக இருந்தால், மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கின் ஆடியோ பகுதியில் ‘பாஸ்த்ரூ’வை நீக்கி ஏஏசி தேர்ந்தெடுக்கவும். டிவிடி ஒலி பெரும்பாலும் ஏசி3; பல கைப்பேசிகளுக்கு அது புரியாது. பாதித் தொல்லை இதோடு தீரும்.

3. வட்டிலுள்ள விஓபி கோப்பைத் தனியே எடுக்காமல் வீடியோ_டிஎஸ் கோப்புறையை முழுதாக ஹேண்ட்பிரேக்கில் திறக்கவும். தனிக்கோப்பில் ஒலித்தடம் தவறிப்போகலாம்.

4. முழு வட்டையும் மாற்றுமுன் ஓர் அத்தியாயத்தை மட்டும் மாற்றிக் கேட்கவும். நேரம் மிச்சம்.