புழுவெட்டும் வழுக்கையும்

பழைய மாணவர் ஒன்றுகூடலில் முதலில் நிகழ்வது ஒருவரையொருவர் அடையாளங் காண இயலாது திகைத்தலாகும். குரல் மாறுவதில்லை; நடை மாறுவதில்லை; தலையே மாறிவிடுகின்றது. வகிடெடுத்து வாரிய கருங்குஞ்சி இருந்த இடத்தில் நெற்றி உச்சிவரை ஏறி நிற்கும். “ஆரப்பா இது?” என்று வினவி நகைப்பர். அந்நகைப்பில் தீங்கில்லை. பதினான்கு வயது மாணவன் ஒருவனின் தலையில் முடி உதிர்ந்தவிடத்து வகுப்பறையில் எழும் நகைப்போ அத்தகையதன்று. இரண்டனையும் கண்டவர் யாம். வைத்தியத் துறையினர் அல்லேமாயினும், இப்பொருளில் ஒரு தமிழ்ச்சொல் செய்த தீங்கை அறிவோம். அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

சொல்லென்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகின்றது. ஆடவர் முடிக்குக் குஞ்சி என்றும் மகளிர் முடிக்குக் கூந்தல், ஓதி, கதுப்பு, ஐம்பால் என்றும் பெயரிட்டு மகிழ்ந்த மொழி நம் மொழி. வள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்தில் இருமுறை மயிரை உவமையாக்கினார். அவ்வதிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போது மாணவர் வாய்பொத்தி நகைப்பது ஆண்டுதோறும் நிகழ்வது. மயிர் என்பது வசைச்சொல்லாக இழிந்தது நம் காலத்துக் கோளாறேயன்றிப் புலவர் குற்றமன்று.

இனிப் பொருளுக்கு வருவோம். மனிதர் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள. வெளியே காணும் முடி கெரற்றின் என்னும் புரதத்தாலாய உயிரற்ற இழையாகும். உயிருள்ள வேர்ப்பகுதி தோலின் கீழே 3 அல்லது 4 மில்லிமீற்றர் ஆழத்தில் மயிர்ப்புடைப்பு என்னும் சிறு பையினுள் இருக்கின்றது. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுவரை வளரும். மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் நீளும். பின்னர் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி ஒடுங்கி, மூன்று மாதமளவில் ஓய்ந்திருந்து உதிரும். அதே புடைப்பினின்று புதுமுடி எழும். ஆதலின் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்தல் இயல்பே. சீப்பிற் கண்ட முடியை எண்ணிக் கவலுதல் வேண்டா.

யாழ்ப்பாணத்தில் முடி உதிர்ந்தால் முதற்பழி கிணற்றுக்கே. நம் குடாநாடு சுண்ணக்கல்லின்மீது அமைந்தது. அந்நீரிற் கல்சியம் மிகுதி. சவர்க்காரம் அதனோடு கூடி நுரையாது வெள்ளைக் கசடாகித் தலையிற் படியும். முடி சொரசொரத்து, சிக்குண்டு, இடையில் முறியும். முறிதல் வேறு, வேரொடு உதிர்தல் வேறு. தோலின் கீழுள்ள வேரைக் கிணற்றுநீர் சென்று கெடுப்பதில்லை. தேசிக்காயும் வெந்தயமும் அவித்துத் தலையில் தேய்த்து முழுகிய நம் பாட்டிமார் இரசாயனம் கற்றவரல்லர். ஆயினும் தேசிக்காயின் அமிலம் சவர்க்காரக் கசடைக் கரைக்கவல்லது. இன்று சம்பூ பயன்படுத்துவோர்க்கு இத்தொல்லை குறைவு. அது வன்னீரிலும் கசடு தருவதில்லை.

எண்ணெயைப் பற்றி இருதரத்தாரும் மிகைபடக் கூறுகின்றனர். 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று, தேங்காயெண்ணெய் முடியிழையினுள் ஊறிப் புரத இழப்பைக் குறைக்கின்றது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிய எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்றும் காட்டிற்று. ஆகவே எண்ணெய் முடியைக் காக்கும் என்பது மெய். முடியை முளைப்பிக்கும் என்பது விளம்பரம். மேலும், பொடுகு மிகுந்த தலையில் எண்ணெயை இரவெல்லாம் ஊறவிடுதல் நன்றன்று. மலசீசியா என்னும் பங்கசு தலைத்தோலிலுள்ள எண்ணெய்ப்பசையை உண்டு பெருகுதலாலேயே பொடுகு உண்டாகின்றது. கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ என இறைவனோடு வாதிட்ட நக்கீரர், அம்மணத்துக்கு இத்தகைய நுண்ணுயிரும் ஒரு காரணம் எனக் கேட்டிருப்பின் என் சொல்லியிருப்பாரோ, அறியோம்! கீற்றோகோனசோல் சேர்ந்த சம்பூவை வாரம் இருமுறை தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிவரின் பெரும்பாலும் சில வாரத்திற் பொடுகு தணியும்.

காய்ச்சலுக்குப் பின் உதிர்வது ஒருவகை. டெங்கு, பிரசவம், சத்திரசிகிச்சை, கடும் பட்டினி ஆகியவற்றால் உடல் நலிந்தபோது பல முடிகள் ஒருங்கே ஓய்வு நிலைக்குச் சென்று, இரண்டு மூன்று மாதங் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிரும். இடையில் மாதங்கள் கடந்துவிடுதலால் காரணம் மறந்துபோகின்றது. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொவிட் நோயுற்றுத் தேறிய பலர் இவ்வாறு அஞ்சினர். இது தானே சீராகும். சீராகாது நீடிப்பின் இரும்புச்சத்துக் குறைவோ தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறோ உண்டா என இரத்தப் பரிசோதனை செய்தல் தக்கது.

மூத்த அன்பர்க்குரியது வழுக்கை. 1942இல் ஜேம்ஸ் ஹாமில்ற்றன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பருவமெய்துமுன் விதை நீக்கப்பெற்றோர்க்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்க்கு ஆண் ஹோர்மோன் ஏற்றின் குடிவழியில் வழுக்கையுடையார்க்கு அது தோன்றும் என்றும் காட்டினார். ஹோர்மோனும் பரம்பரையும் கூடியே வழுக்கையைச் செய்கின்றன. பரம்பரை தாய்வழி மட்டுமன்று, இருவழியும் உண்டு. மயிர்ப்புடைப்பு படிப்படியாகச் சிறுத்து, முடி பூனைமயிராகி மறைகின்றது. மொட்டையடித்தால் அடர்ந்து வளரும் என்பார் உளர். சவரத்தால் முடி தடிப்பதில்லை என்பது 1928இலேயே அளந்து காட்டப்பட்டது. வெட்டுண்ட முனை மழுங்கியிருத்தலால் தடித்ததுபோலத் தோன்றுகின்றது, அவ்வளவே.

இதற்கு மெய்யாகவே பயன்றரும் மருந்துகள் இரண்டே பெரிதும் கையாளப்படுகின்றன. குருதியமுக்கத்துக்கு உண்ணும் மாத்திரையாக வந்து, உண்டவர் உடலில் மயிர் வளர்த்தமையால் தலைக்குப் பூசும் திரவமாக 1988இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட மினொக்சிடில் ஒன்று. முதற்சில வாரங்களிற் சிறிது கூடுதலாக உதிர்வதுண்டு. பயன் காண ஆறுமாதம் வேண்டும். நிறுத்தின் பெற்றதும் போகும். மற்றையது 1997இல் ஏற்கப்பட்ட பினஸ்ரரைட்டு மாத்திரை. இது சிலர்க்கு இல்லற வலிமையைக் குறைப்பதுண்டு. ஐம்பது கடந்தோர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும்: புரோஸ்தேற்றுப் புற்றுநோயை அறியச் செய்யும் பீ.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவை இம்மாத்திரை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்துக் காட்டும். ஆதலின் இதனை உண்பதை வைத்தியரிடம் மறைத்தல் ஆகாது. மருந்து வேண்டாதார்க்கு வெயிலில் ஒரு தொப்பி போதும்.

இனி அச்சொல்லைக் கூறுவோம். தலையில் நாணயமளவு வட்டமாக, மழுமழுவென்று முடி நீங்குவதை நம்மவர் புழுவெட்டு என்பர். கண்ணுக்குத் தெரியாத புழு முடியை வெட்டுகின்றது என்னும் நம்பிக்கை அப்பெயரினுள் உறைகின்றது. புழுவென்றால் ஊரும், ஊர்ந்தால் அடுத்தவன் தலைக்கும் ஏறும். இவ்வாறு பெயரிலிருந்தே நோயை ஊகித்தவருள் யாமும் ஒருவர். ஆசிரியப்பணி தொடங்கிய காலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பிடரியில் அத்தகைய வட்டங்கள் இரண்டோடு வந்தான். பிறர்க்குத் தொற்றிவிடும் எனக் கருதி அவனைக் கடைசி வாங்கில் தனியே இருத்தினோம். மறுநாள் அவன் தொப்பியணிந்து வந்தான். அதற்கடுத்த நாள் வரவில்லை. மூன்று வாரங் கழித்துத் தாயார் அழைத்துவந்தபோது அவன் எம் முகத்தை நோக்கவில்லை.

பின்னர் தோல்நோய் நிபுணர் ஒருவரிடம் கேட்டறிந்தோம். அங்கே புழுவுமில்லை, பூச்சியுமில்லை. நோயினின்று நம்மைக் காக்க வேண்டிய வெண்குருதிக்கலங்கள் தம் வேரையே பகையெனக் கருதித் தாக்குதலால் வருவது அது. வாழ்நாளில் நூற்றுவருள் ஏறத்தாழ இருவர்க்கு வரும். தொடுதலாலும் சீப்பாலும் பரவாது. வட்டத்தின் ஓரத்தில், அடி மெலிந்து நுனி தடித்த குறுமுடிகள் வியப்புக்குறிபோல் நிற்கும். வேர் அழிவதில்லை, சிறு வட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டினுள் தாமே நிரம்பும், முதலில் நரைமுடி எழுவதுண்டு. இதனாலேயே வெங்காயமும் மிளகும் அரைத்துத் தேய்த்தவர் எல்லாரும் குணம் கண்டோம் என்பர். ஈற்றில் தேய்த்த மருந்து புகழைப் பெறுகின்றது. தோலை வெந்துபோகச் செய்வதே சில வேளை அதன் பயன். வைத்தியர் அவ்விடத்தில் ஸ்ரெறொயிட்டு ஊசி இடுவர். தலைமுழுதும் உதிரும் கடுநிலைக்கு 2022இல் பாரிசிற்றினிப் என்னும் மாத்திரை அமெரிக்காவில் முதலில் வளர்ந்தோர்க்கென ஏற்கப்பட்டது. அது நோயெதிர்ப்பைத் தணிப்பதாதலின் நிபுணர் மேற்பார்வையிலேயே உண்ணத்தக்கது.

தொற்றுவது வேறொன்று, அது தலையில் வரும் படர்தாமரை. பங்கசால் வருவது, சிறுபிள்ளைகளிடத்து மிகுதி, சீப்பு, தொப்பி, பூனைக்குட்டி ஆகியவற்றாற் பரவும். இரண்டையும் வேறுபடுத்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அரிதன்று. புழுவெட்டில் தோல் வழுவழுப்பாகச் சுகமாயிருக்கும். படர்தாமரையில் செதில் உதிரும், அரிக்கும், முடி ஒட்ட முறிந்து கரும்புள்ளிகளாகத் தெரியும். சிலவேளை சீழ்கொண்ட வீக்கமாகும்; அதனைச் சாதாரணக் கட்டி எனக் கீறிவிட்டுக் காலந்தாழ்த்தின், தழும்பு விழுந்து அவ்விடத்தில் முடி என்றுமே முளையாது போகலாம். பங்கசு முடியினுள்ளேயே குடியிருத்தலாற் பூச்சுமருந்து மட்டும் போதாது. கிரீசியோபுல்வின் எனின் 6 முதல் 8 வாரம், ரெர்பினபின் எனின் ஏறத்தாழ 4 வாரம் மாத்திரை உண்ணல் வேண்டும். அரசினர் போதனா வைத்தியசாலைகளில் தோல்நோய்ப் பிரிவு உண்டு, அங்கு காட்டலாம். வீட்டிலுள்ள மற்றைப் பிள்ளைகளின் தலையையும் பார்த்து, சீப்பையும் தலையணை உறையையும் வேறாக்குக. மாத்திரை தொடங்கிய பிள்ளை பாடசாலைக்கு வரலாம். தன் வழக்கமான வாங்கிலேயே இருக்கலாம்.