காயலான் கடை ஸ்லாட்டும் கேம்பஸ் இன்டர்வியூவும்

"ப்ராஜெக்ட் நீங்களே செஞ்சதா, சென்டர்ல வாங்குனதா?" நேர்முகத் தேர்வில் யாரும் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அடுத்த பத்து நிமிடம் கேட்பதெல்லாம் இதற்கு விடை தேடித்தான். எம்பெடட், போர்டு டிசைன் பக்கம் வேலை தேடும் இசிஇ, இஇஇ மாணவர்களிடம் நான் சொல்வது இது: செத்துப்போன மதர்போர்டு ஒன்றிலிருந்து ஐஎஸ்ஏ ஸ்லாட்டைக் கழற்றுங்கள். அதை வைத்து இசட் 80 ப்ராசஸரில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டுங்கள். வாங்கி வந்தவரால் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச முடியாது. கட்டியவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

ஏன் அந்தப் பழைய ஸ்லாட்? 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இப்படி 5 ஸ்லாட்டுகள் இருந்தன. பக்கத்துக்கு 31 என மொத்தம் 62 பின்கள். பின்னுக்குப் பின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர் என்பதால், கடையில் கிடைக்கும் சாதாரண டாட் போர்டிலேயே உட்கார்ந்துவிடும். வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட்டில் இடைவெளி அதில் பாதிதான், அதைத் தொடாதீர்கள். கறுப்பு ஸ்லாட்டின் பின்னால் 36 பின் கொண்ட குட்டித் துண்டு ஒட்டியிருந்தால் அது 1984இல் வந்த 16 பிட் வகை. அதுவும் சரிதான், குட்டித் துண்டைச் சும்மா விட்டுவிடலாம்.

கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். நேரே டீசால்டர் பம்பை வைத்தால் பழைய ஈயம் அசையாது. முதலில் எல்லாப் பின்களிலும் புது ஈயத்தைக் கொஞ்சம் தொட்டுவிடுங்கள், பிறகு அடியிலிருந்து ஹாட் ஏர் கன்னைக் காட்டி, மேலே குறடால் மெல்ல இழுங்கள். கிரவுண்ட் பின்கள் கடைசிவரை அடம் பிடிக்கும். சூட்டைப் போர்டின் செம்புப் பரப்பு இழுத்துக்கொள்வதே காரணம். முதல் ஸ்லாட்டின் பிளாஸ்டிக் உருகி வளைந்தால் வருந்தாதீர்கள், எனக்கு இரண்டு போயின. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இன்னொன்று: ஓடுகிற பழைய போர்டை இதற்காகக் கொல்லாதீர்கள். காயலான் கடையில் பிணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

இனி ஒயரிங். ஐஎஸ்ஏ கார்டு எதிர்பார்ப்பது நான்கு கட்டளைக் கம்பிகள்: மெமரியைப் படி, மெமரியில் எழுது, போர்ட்டைப் படி, போர்ட்டில் எழுது. இசட் 80 தருவதும் நான்குதான், ஆனால் பிரித்துத் தருகிறது: மெமரியா போர்ட்டா என்று சொல்ல இரண்டு, படிப்பதா எழுதுவதா என்று சொல்ல இரண்டு. ஒரே ஒரு 74எல்எஸ்32 சிப்பில் நான்கு ஆர் கேட்டுகள் இருக்கின்றன. தேவைப்படுவதும் மிகச் சரியாக நான்கு. மெதுவான கார்டு 'பொறு' என்று சொல்லும் கம்பியை இசட் 80இன் வெயிட் பின்னிலேயே கொடுத்து, ஒரு புல்-அப் ரெசிஸ்டர் போட்டால் போதும். ஐபிஎம் பிசியே 4.77 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடியது. நீங்கள் 4 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகத் தகராறு பெரும்பாலும் வராது.

தடுக்கி விழும் இடங்கள் மூன்று. ஐஎஸ்ஏவில் ரீசெட் மேலே போனால் வேலை செய்யும், இசட் 80இல் கீழே வந்தால். நடுவில் ஒரு இன்வெர்ட்டர் வேண்டும். அடுத்தது ஏ11 என்ற பின். டிஎம்ஏ நடக்கும்போது 'நீ பேசாதே' என்று கார்டுகளுக்குச் சொல்லும் கம்பி அது. உங்கள் கம்ப்யூட்டரில் டிஎம்ஏ கிடையாது என்பதால் அதை நேரே கிரவுண்டில் கட்டுங்கள். தொங்கவிட்டால் கார்டு திடீர் திடீரென்று ஊமையாகும், காரணம் தெரியாமல் ஒரு வாரம் போய்விடும். மூன்றாவது போர்ட் எண். பிசி கார்டுகள் 10 பிட் எண்ணைப் பார்க்கின்றன. சீரியல் கார்டின் வழக்கமான முகவரி 3எஃப்8. இசட் 80இல் 8 பிட்தானே என்று கைவிட வேண்டாம். பி, சி ரெஜிஸ்டர்களில் 03, எஃப்8 என்று நிரப்பி, சி வழியாக எழுதும் அவுட் கட்டளையைப் பயன்படுத்தினால், பி ரெஜிஸ்டரின் மதிப்பு மேல் 8 முகவரிக் கம்பிகளில் தானாக வந்து நிற்கும். பாடப்புத்தகத்தை மேலோட்டமாகப் படித்தவருக்கு இது தெரிந்திருக்காது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கார்டைத் திருப்பிச் செருகுவது. பிசியில் கேபினெட்டின் இரும்புப் பட்டை அதைத் தடுக்கும். மேஜைமேல் கிடக்கும் உங்கள் போர்டில் தடுக்க எதுவும் இல்லை. திருப்பிச் செருகினால் ஸ்லாட்டின் +12 வோல்ட் நேரே கார்டின் 8ஆம் முகவரிக் கம்பியில் ஏறும். அப்படி நான் கொன்ற கார்டு ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஸ்லாட்டின் ஒரு முனையில் பெயின்ட் வைத்துவிடுங்கள். கார்டு கேட்டால் ஒழிய 12 வோல்ட் கொடுக்காதீர்கள்.

ஒயரிங் முடிந்ததும் முதலில் செருக வேண்டியது சீரியல் கார்டு, அதிலிருந்து ஒரு எழுத்து லேப்டாப் திரைக்கு வர வேண்டும். அப்புறம் 8 பிட்டில் ஓடும் ஐடிஇ கார்டு. விஜிஏ கார்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதை எழுப்பும் ப்ரோக்ராம் அதன் ரோம் (ROM) சிப்பிலேயே இன்டெல் மொழியில் இருக்கிறது, இசட் 80க்கு அது புரியாது. ப்ராசஸரை வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். 1976இல் வந்த இந்தச் சிப்புக்குக் கடைசி ஆர்டர் எடுப்பதாக ஸைலாக் 2024 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. இருக்கும் கையிருப்புதான் இனி.

இன்டர்வியூவுக்கு வருவோம். ரெஸ்யூமில் இதற்கு இரண்டு வரி போதும். முக்கியம் உங்கள் நோட்டு. எந்தத் தேதியில் எந்தப் பின்னில் என்ன வோல்ட் பார்த்தீர்கள், எது தப்பாக இருந்தது, எப்படிப் பிடித்தீர்கள் என்று கையால் எழுதி வையுங்கள். "ஸ்லாட்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் பஃபருக்கு ஏன் எச்சிடி சிப் போட்டாய், எச்சி போடக் கூடாதா?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும்: பழைய டிடிஎல் கார்டு 'ஒன்று' என்று சொல்ல 2.4 வோல்ட் தருவதாகத்தான் உறுதி சொல்கிறது, எச்சி சிப்போ 3.5 கேட்கும், எச்சிடிக்கு 2 போதும். இந்த ஒரு பதில் பத்து சர்டிஃபிகேட்டுக்குச் சமம். "இந்தக் காலத்தில் ஐஎஸ்ஏ எதற்கு?" என்று யாராவது சிரித்தால், பிசி/104 என்ற பெயரில் இதே சிக்னல்கள்தான் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்களுக்குள் போயின என்று சொல்லுங்கள். அதில் 104 என்பது பின்களின் எண்ணிக்கை.

போர்டைக் கையோடு எடுத்துப் போங்கள், வேலை செய்யாத நிலையில் இருந்தாலும் பரவாயில்லை. 12 வோல்ட் ஒயரை மட்டும் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். பார்க்கிறவர்கள் கார்டைப் பிடுங்கித் திருப்பிச் செருகுவார்கள்.