சங்கம் நடக்கும் விதம்: உள்விசையும் வெளிவிசையும்

சங்கம் நன்றாக நடந்தால் தலைவரைப் புகழ்கிறோம். நொடிந்தால் பொருளாளரை ஏசுகிறோம். ஆட்கள் மாறிய பிறகும் அதே குறை தொடர்ந்தால், காரணம் ஆட்களில் மட்டும் இல்லை என்பது தெளிவு. அங்கத்தவர் யார், எதற்காகச் சேர்ந்தனர், திறப்பு யார் கையில், கணக்கை யார் பார்க்கலாம், உறவும் சாதியும் கூட்டத்தில் யாரைப் பேசவிடுகின்றன என்பவை உள்விசைகள். சட்டம், சந்தை, அரசு, யுத்தம், உதவி நிறுவனங்கள் என்பவை வெளிவிசைகள். இவை தனித்தனியே வேலை செய்வதில்லை. எமது குடாநாட்டுச் சங்கங்களையே எடுத்துப் பார்ப்போம்.

இலங்கையில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த கடனுதவிச் சங்கங்கள் பெரும்பாலும் வரையறையற்ற பொறுப்புடையவை. ஒருவர் கடனை அடைக்காவிட்டால் மற்ற அங்கத்தவரின் சொத்தும் அதற்குப் பொறுப்பு. ஆகவே புகையிலை நடவென்று கடன் பெற்றவர் உண்மையில் நட்டாரா என்று அயலவர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொள்வார். அவருக்கு மழை பிழைத்தால் தவணை கொடுப்பதும் அதே அயலவர்தான்.

1971இல் சிறு சங்கங்கள் இணைக்கப்பட்டுப் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாயின. ஊர்ச் சங்கம் கிளைக் கடையாயிற்று. தீர்மானம் தூரத்துக்குப் போயிற்று. வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. தோட்டக்காரர் கையில் காசு புழங்கியதால் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பங்கீடும் நிவாரணமும் சங்கக் கடை வழியே வந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோதும், அகதிகளுக்கு அரிசி மா கிடைப்பதில் இச்சங்கங்களின் ஊழியருக்குப் பெரும் பங்குண்டு. அதை நாம் குறைத்துப் பேசலாகாது. ஆயினும் அட்டையுடன் வரிசையில் நின்று பழகியவர், தாம் அந்தச் சங்கத்தின் சொந்தக்காரர் என்பதை மெல்ல மறந்தார். பயனாளி வேறு, அங்கத்தவர் வேறு. பயனாளி கணக்குக் கேட்பதில்லை. தன் பெயர் பட்டியலில் உண்டா என்றுதான் கேட்பார்.

2009க்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை என்ற விதியைப் பார்த்தால், பழைய கடனுதவிச் சங்கத்தின் உள்விசை போலவே இருக்கும். ஆனால் காசு ஊரின் காசல்ல. வட்டியையும் தவணையையும் ஊர் தீர்மானிக்கவுமில்லை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வரையும் இருத்திவைத்து அறவிடலாம். அயலாரின் கண் இங்கே அறவிடுபவரின் கையாளாக மாறிற்று. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. விதி ஒன்றே, வெளிவிசை வேறு, நடத்தை முற்றிலும் வேறு.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 யூனில் இடம்பெயர்ந்தோரின் காணிகள் யுத்தத்தின் பின் கட்டம் கட்டமாக விடப்பட்டுள்ளன, எல்லாம் விடப்படவில்லை. திரும்பிய செம்மண் தோட்டங்களில் பங்குக் கிணறு ஒரு பெரிய கேள்வி. முன்னர் இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என்ற முறை எழுத்தில்லாமலே நடந்தது, ஏனெனில் பங்காளர் எல்லோரும் தினமும் முகம் பார்த்தனர். இன்று ஒரு பங்கு கொழும்பில், ஒரு பங்கு கனடாவில், ஒரு பங்குக்கு உரித்தாளர் யாரென்றே தெரியாது. கிணறு தூர்வார உதவி நிறுவனம் ஒன்று முன்வந்தால், அது கேட்பது பதிவு செய்த சங்கத்தையும் வங்கிக் கணக்கையும். உடனே ஒரு சங்கம் எழுதப்படும். தூர்வாரியபின் அது கூடுமா?

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதையே எடுத்துப் பேசுங்கள். இறைப்பு முறையை எழுதி எல்லாப் பங்காளரிடமும் ஒப்பம் பெறமுடியுமா? வெளியூரிலுள்ளவரின் பங்கை இங்கே யார் பேசுவது? குத்தகைக்குச் செய்பவருக்கும், தோட்டத்தில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களுக்கும் அந்தக் கூட்டத்தில் இடமுண்டா? பம்பு பழுதானால் முதற் காசை யார் போடுவது?